டெஸ்டர் ஏன் எப்போதும் முதலிடம்? ஜிராவில் ஆள்வாரி ரிப்போர்ட் – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் கேள்வி–பதில்தான். நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒன்று, படித்ததிலிருந்து என்னைச் சிரிக்கவும் வைக்கிறது, விடாமல் நச்சரிக்கவும் செய்கிறது. அதனால் இன்று முழுக்க அது ஒன்றுதான். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

கேட்டிருப்பவர் ஒரு சகோதரி, டீம் லீடாக இருக்கிறார். சுருக்கிப் படிக்கிறேன். புதியவர்களுக்காக: ஜிரா என்பது வேலைகளை டிக்கெட்டாக (கார்டு என்றும் சொல்வோம்) போட்டு நிலை பார்க்கும் சாஃப்ட்வேர்; ஸ்பிரிண்ட் என்பது சில வார வேலைச் சுற்று; ஸ்டோரி பாயின்ட் என்பது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் போடும் எண்; வெலாசிட்டி சார்ட் என்பது ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் டீம் முடித்த பாயின்டைக் காட்டும் படம். ‘எங்கள் டீமில் எட்டுப் பேர். ஜிராவில்தான் வேலை. ஸ்பிரிண்ட் முடிந்ததும் யார் எத்தனை ஸ்டோரி பாயின்ட் முடித்தார் என்று ஆள்வாரியாக ரிப்போர்ட் வேண்டும் என்கிறார் மேனேஜர். வெலாசிட்டி சார்ட்டில் டீமின் மொத்தக் கணக்குதான் வருகிறது. ஆள்வாரியாக எடுப்பது எப்படி?’ இதுவரை வழக்கமான கேள்விதான். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார் பாருங்கள். ‘நானாகவே எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். எல்லா ஸ்பிரிண்டிலும் டெஸ்டிங் பார்க்கும் தம்பிதான் முதலிடம். டெவலப்பர்களுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். இதை அப்படியே மேனேஜருக்கு அனுப்பலாமா?’

அனுப்பாதீர்கள் அம்மா. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘கேட்டதை விட்டுவிட்டு வேறு எதையோ பேசுகிறார்’ என்று வழக்கம்போலக் கமென்ட் வரும். வெலாசிட்டி சார்ட் டீமுக்கானது, அதில் ஆளைப் பிரிக்க வழி தேடாதீர்கள். ஒரு ஃபில்டர் போடுங்கள்: இந்த புராஜெக்ட், நிலை ‘டன்’ (முடிந்தது), முடிந்த தேதி கடந்த 14 நாளுக்குள். சேமித்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் ‘டூ டைமென்ஷனல் ஃபில்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்று ஒரு கேட்ஜெட் இருக்கிறது. ஒரு பக்கம் அசைனி (டிக்கெட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்), இன்னொரு பக்கம் ஸ்டேட்டஸ் என்று வைத்தால் ஆள்வாரி அட்டவணை வந்துவிடும். ஆனால் அது டிக்கெட்டின் எண்ணிக்கையைத்தான் காட்டும், ஸ்டோரி பாயின்டைக் கூட்டாது. பாயின்ட் வேண்டுமென்றால் அதே ஃபில்டரை எக்செல்லுக்கு எடுத்து பிவட் (ஆள்வாரியாகக் கூட்டித் தரும் அட்டவணை) போட வேண்டியதுதான். நீங்கள் ஏற்கெனவே செய்தது அதுதான். ஜிரா மாதிரியே உள்ள ரெட்மைன் சாஃப்ட்வேரை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது, செலவிட்ட நேரத்தின் ரிப்போர்ட்டிலேயே ஆள்வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

சரி, டெஸ்டர் தம்பி ஏன் முதலிடம்? ஜிராவில் அசைனி என்ற கட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு பெயர்தான் நிற்கும். உங்கள் டீமில் என்ன நடக்கிறது என்று ஊகிக்கிறேன். டெவலப்பர் எழுதி முடித்ததும் ரிவ்யூ செய்பவர் பெயருக்கு மாற்றுகிறார். அவர் பார்த்துவிட்டு டெஸ்டர் பெயருக்கு மாற்றுகிறார். டெஸ்டர் சரிபார்த்து ‘டன்’னுக்கு இழுக்கிறார். இழுக்கும்போது யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்கில் மொத்தப் பாயின்டும் சேர்ந்துவிடுகிறது. பந்தியில் கடைசியாகப் பாயசம் ஊற்றியவர்தான் மொத்தச் சமையலும் செய்தார் என்று எழுதி வைத்த மாதிரி. டெஸ்டர்கள் கோபப்படாதீர்கள், பாயசம் இல்லாமல் பந்தி இல்லை.

இதைச் சரிசெய்ய ஒரு வழி, ‘டெவலப்பர்’ என்று தனியாக ஒரு கஸ்டம் ஃபீல்டு (நாமே சேர்க்கும் கட்டம்), ‘டெஸ்டர்’ என்று இன்னொன்று வைப்பது. அட்மினிடம் கேட்டால் செய்து தருவார். இன்னொரு வழி, தேடும்போது ‘அசைனி வாஸ்’ என்று போடுவது. இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல், எப்போதாவது இவர் பெயரில் இருந்ததா என்று பழைய வரலாற்றிலிருந்து எடுத்துத் தரும். ஆனால் ஒரே டிக்கெட் மூன்று பேர் கணக்கிலும் வரும், கூட்டினால் டீம் செய்ததைவிட அதிகமாக நிற்கும். மேனேஜர் அதைக் கேட்டால் விளக்கம் சொல்லத் தயாராக இருங்கள்.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். இனி நான் சொல்ல நினைப்பது.

பழைய நேயர்களுக்கு இப்போது என்ன வரப்போகிறது என்று தெரியும். ஆமாம், அதுவேதான்: ஜிராவில் இருப்பது கார்டு நகர்ந்த கணக்கு, ஆள் உழைத்த கணக்கு அல்ல. பர்ன்டவுன் வீடியோவிலும் சொன்னேன், எஸ்டிமேஷன் வீடியோவிலும் சொன்னேன். இந்தச் சகோதரியின் எக்செல்லைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஃபீல்டைச் சரிசெய்துவிட்டால் கணக்கு சரியாகிவிடுமா? ஆகாது. ராத்திரி புரொடக்‌ஷன் சர்வர், அதாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வர், விழுந்தபோது எழுந்து உட்கார்ந்தவர் முதலில் டிக்கெட் போட்டுவிட்டா பார்ப்பார்? புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு எத்தனை பாயின்ட்? யாரும் தொடப் பயப்படும் பழைய மாட்யூலை எடுப்பவர் ஸ்பிரிண்டுக்கு ஒரு கார்டு முடிப்பார். லேபிள் மாற்றுகிற வேலையாகப் பொறுக்கி எடுப்பவர் ஏழு முடிப்பார். ஆள்வாரி ரிப்போர்ட் வருகிறது என்று தெரிந்த மறு ஸ்பிரிண்டிலேயே அந்தப் பழைய மாட்யூல் கார்டு பேக்லாக்கில் (இன்னும் எடுக்காத வேலைகளின் பட்டியலில்) அநாதையாகக் கிடக்கும். மூன்று பாயின்டாக இருந்தது ஐந்தாகும், ஐந்தாக இருந்தது எட்டாகும். வேலை ஏறாது, எண் மட்டும் ஏறும்.

ஸ்டோரி பாயின்ட் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்கிறேன். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற சாஃப்ட்வேர் வேலை முறையை ஆரம்பித்தவர்களில் ஒருவர் ரான் ஜெஃப்ரீஸ். அவர்கள் முதலில் நாளில்தான் கணக்குப் போட்டார்கள். யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால் இது எத்தனை நாள் வேலை என்று. நடைமுறையில் அப்படிப்பட்ட ஒரு நாள் வேலைக்கு ஏறக்குறைய மூன்று நாள் பிடித்தது. ‘ஒரு நாள் வேலைக்கு எதற்கு மூன்று நாள்?’ என்று மேலே இருந்தவர்கள் கேட்கக் கேட்க, நாள் என்ற சொல்லையே எடுத்துவிட்டுப் பாயின்ட் என்று வைத்துக்கொண்டார்கள். கேள்வி கேட்பவர்களிடமிருந்து தப்பிக்க வந்த அளவு அது. அதை வைத்து ஆளை எடைபோடக் கேட்டால் எப்படி? ஜெஃப்ரீஸே பின்னாளில், ஸ்டோரி பாயின்டைக் கண்டுபிடித்தது நானாக இருக்கலாம், அப்படியென்றால் வருந்துகிறேன் என்று எழுதிவிட்டார்.

எண்ணுவது புதிய பழக்கமும் இல்லை. 1982-இல் ஆப்பிள் கம்பெனி லிசா என்ற கம்ப்யூட்டரை உருவாக்கிக்கொண்டிருந்தது. புரோகிராமர்கள் ஒவ்வொரு வாரமும் எத்தனை வரி கோடு எழுதினார்கள் என்று ஃபார்ம் நிரப்பித் தர வேண்டும். பில் அட்கின்சன் அந்தச் சமயத்தில் திரையில் படம் வரையும் குவிக்டிரா பகுதியைத் திருத்தி எழுதி, ஒரு முக்கியமான கணக்கை ஆறு மடங்கு வேகமாக்கினார். அதில் சுமார் 2000 வரி குறைந்துபோனது. ஃபார்மில் என்ன எழுதினார்? மைனஸ் 2000. கூட வேலை பார்த்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் இதைப் பதிவு செய்திருக்கிறார். சில வாரம் கழித்து அட்கின்சனிடம் மட்டும் ஃபார்ம் கேட்பதையே விட்டுவிட்டார்களாம். நம் ஊரில் என்றால் மைனஸை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பச் சொல்லியிருப்பார்கள்.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். 2020 கடைசியில், எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த நேரம், மைக்ரோசாஃப்ட் 365-இல் ‘புரொடக்டிவிட்டி ஸ்கோர்’ வந்தது. யார் எத்தனை நாள் மெயில் அனுப்பினார், சாட்டில் பேசினார் என்று பெயரோடு பார்க்க முடிந்தது. இது கண்காணிப்பு என்று பெரிய எதிர்ப்பு. அந்த டிசம்பர் முதல் தேதியே பெயர்களை எடுத்துவிடுகிறோம் என்று அறிவித்தார்கள். பிரான்சில் அமேசான் கிடங்குகளை நடத்தும் நிறுவனத்துக்கு அந்த நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்பு அமைப்பு 3.2 கோடி யூரோ அபராதம் போட்டதாக 2024 ஜனவரியில் செய்தி வந்தது. தொழிலாளியின் கையில் இருக்கும் ஸ்கேனர் 10 நிமிடம் சும்மா இருந்தால் அது கணக்கில் ஏறியது. ஒரு பொருளை ஸ்கேன் செய்து 1.25 நொடி ஆவதற்குள் அடுத்ததை ஸ்கேன் செய்தால் அதுவும் பிழையாக ஏறியது. மெதுவாகச் செய்தாலும் தப்பு, வேகமாகச் செய்தாலும் தப்பு. ஜெர்மனியில், ஊழியரின் நடத்தையையோ செயல்பாட்டையோ கண்காணிக்கும் கருவியைக் கொண்டுவர வேண்டுமென்றால், ஊழியர் கவுன்சில் இருக்கும் இடத்தில் அதன் சம்மதம் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஜெர்மன் கிளையன்டோடு வேலை பார்ப்பவர்கள் ஆள்வாரி டேஷ்போர்டு போடுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு மணி கதையைச் சொல்லாமல் என்னால் இந்தக் கேள்வியைத் தாண்ட முடியவில்லை. தெரிந்தவர்கள் இரண்டு நிமிடம் தள்ளிக்கொள்ளுங்கள். டெமிங் என்று ஒரு அமெரிக்கப் புள்ளியியலாளர், 1950-இல் ஜப்பானுக்குப் போய்த் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்தவர். தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு வைப்பார். பெட்டியில் 3200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி. 50 குழி உள்ள ஒரு கரண்டி. கூட்டத்திலிருந்து ஆறு பேரை ‘தொழிலாளி’களாகக் கூப்பிடுவார். கரண்டியைப் பெட்டியில் அமுக்கி எடுக்க வேண்டும், வாடிக்கையாளருக்கு வெள்ளைதான் வேண்டும், சிவப்பு வந்தால் குறை. டெமிங்தான் மேற்பார்வையாளர். ஒருவருக்கு ஆறு சிவப்பு வரும், கைகுலுக்கிச் சம்பள உயர்வு என்பார். இன்னொருவருக்குப் பதினாலு வரும், முகத்தைத் திருப்பிக்கொண்டு எச்சரிக்கை கொடுப்பார். மறு சுற்றில் பாராட்டு வாங்கினவருக்குப் பன்னிரண்டு வரும். ‘சம்பளம் ஏறியதும் மிதப்பு வந்துவிட்டதா?’ என்பார். கடைசியில் ‘நன்றாகச் செய்த’ மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஓவர்டைம் பார்க்கச் சொல்வார். அப்போதும் சிவப்பு அதே அளவுக்குத்தான் வரும். பெட்டியில் ஐந்தில் ஒன்று சிவப்பு, யார் அமுக்கினாலும் பத்தை ஒட்டித்தான் வரும். இவ்வளவுக்கும் அந்த ஆறு பேரும் அன்றைக்கு உண்மையாகவே கவனமாகக் கரண்டியைப் பிடித்திருப்பார்கள். அதுதான் எனக்கு அந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது.

அதனால் சகோதரி, உங்கள் மேனேஜர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. யார் மெதுவாக இருக்கிறார் என்று கேட்காமல், கார்டு எங்கே காத்திருக்கிறது என்று கேட்டிருந்தால் ஜிரா மிக நன்றாகப் பதில் சொல்லும். ரிப்போர்ட்ஸில் கன்ட்ரோல் சார்ட்டைத் திறந்து, போர்டின் நெடுவரிசைகளில் (column) ரிவ்யூவை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு டிக்கெட்டும் ரிவ்யூவில் எத்தனை நாள் கிடந்தது என்று புள்ளி புள்ளியாக வரும். அப்புறம் டெஸ்டிங் நெடுவரிசையை மட்டும் போட்டுப் பாருங்கள். குமுலேட்டிவ் ஃப்ளோ டயக்ராமில் (எந்த நிலையில் எத்தனை டிக்கெட் நிற்கிறது என்று நிறம் நிறமாகக் காட்டும் படம்) எந்த நிறம் தடித்துக்கொண்டே போகிறது என்று பாருங்கள், அங்கேதான் வேலை தேங்குகிறது. எனக்குத் தெரிந்த ஒரு டீமில் ஒரு பையன் சோம்பேறி என்று முடிவே கட்டிவிட்டார்கள். நெடுவரிசைவாரியாகப் பிரித்துப் பார்த்தால், அவன் டிக்கெட்டுகள் மட்டும் கிளையன்டின் டெஸ்ட் சர்வர் எப்போது கிடைக்கும் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. அந்த ஒரு மாட்யூலுக்குத்தான் அந்த சர்வர் தேவை, அந்த மாட்யூல் அவனிடம் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

மேனேஜர் விடாமல் ஆள்வாரியாகத்தான் வேண்டும் என்றால்? அப்ரைசல் என்று ஒன்று இருக்கிறது, அவரும் மேலே பதில் சொல்ல வேண்டியவர், புரிகிறது. அப்போது எண்ணைக் கொடுக்காதீர்கள், பட்டியலைக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரில் ‘அசைனி வாஸ்’ ஃபில்டர் ஒன்று சேமித்து வைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை திறந்து, டிக்கெட்டில் வராத வேலையை அதற்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைக்கட்டும். எந்த ராத்திரி எழுந்தார், யாருக்குச் சொல்லிக்கொடுத்தார், எந்த ரிலீஸைக் காப்பாற்றினார். ஆறு மாதம் கழித்து அப்ரைசல் ஃபார்ம் வரும்போது ‘ஏப்ரலில் என்ன செய்தேன்’ என்று மோட்டுவளையைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலை நடுவில் வைத்துக்கொண்டு மேனேஜர் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் பேசட்டும். பிவட் டேபிளில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

இன்னொன்று, டெவலப்பர் ஃபீல்டு சேர்க்கச் சொன்னேன் அல்லவா, அதை ஸ்பிரிண்ட் நடுவில் சேர்க்காதீர்கள். பழைய டிக்கெட்டுகளில் அது காலியாக இருக்கும், ஒப்பிட்டுப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். புது ஸ்பிரிண்டில் தொடங்குங்கள். கன்ட்ரோல் சார்ட்டில் ரிவ்யூ எத்தனை நாள் காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள், பெயர்கள் வேண்டாம், சார்ட் மட்டும் போதும்.