வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடுமா? முதல் சொத்து வாங்குபவரின் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். விருதுநகர் பக்கத்துத் தம்பி ஒருவர், சென்னையில் வேலை, கல்யாணமாகிவிட்டது, கைக்கு வரும் சம்பளம் 75,000, சேமிப்பு 12 லட்சம். கூடுவாஞ்சேரியில் 10 வருடப் பழைய ஃபிளாட், 900 சதுர அடி, 50 லட்சம் சொல்கிறார்கள். அவர் கேட்பது இதுதான்: "பேங்க் லோன் போட்டு வாங்கி வாடகைக்கு விட்டால் வாடகையிலேயே இஎம்ஐ போய்விடும் என்று புரோக்கர் சொல்கிறார், இதோடு ரியல் எஸ்டேட் முதலீட்டைத் தொடங்கலாமா, இல்லை ஊரில் மனை வாங்கிப் போடலாமா? டோக்கன் அட்வான்ஸ் 50,000 உடனே கேட்கிறார்கள்."

முதலில் அந்த 12 லட்சத்தைப் பார்த்துவிடுவோம். 50 லட்சம் ஃபிளாட்டுக்கு பேங்க் 50 லட்சமும் கொடுக்காது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரைக்குமான கடன் என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம், 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேலே 75 சதவீதம். உங்களுக்கு 80 சதவீதம், அதாவது 40 லட்சம். மீதி 10 லட்சம் உங்கள் கைக்காசு. 12 இருக்கிறதே, 2 மிச்சம் என்று நினைப்பீர்கள். பத்திரச் செலவை யார் கொடுப்பது? முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்துத் தமிழ்நாட்டில் 9 சதவீதம், பழைய ஃபிளாட் என்பதால் முழுசாகக் கட்ட வேண்டும், 50 லட்சத்துக்கு நாலரை லட்சம். இந்தச் செலவைச் சொத்து மதிப்போடு சேர்த்து அதற்கும் கடன் கொடுக்க இந்த அளவு வீட்டுக்கு விதி இடம் கொடுக்காது. ஆக 14.5 லட்சம் ஆகிவிட்டது. இதற்கு மேல் வக்கீல், பேங்க் பிராசசிங், கமிஷன், பெயின்ட், குழாய் ரிப்பேர். உங்கள் 12 லட்சம் பத்திர ஆபீஸ் வாசலுக்கே போய்ச் சேராது.

இந்த இடத்தில் புரோக்கர் இரண்டு வழி சொல்வார். ஒன்று, பர்சனல் லோன் போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள் என்பார். சொத்து வாங்குவதற்கு முன்பே இரண்டு இஎம்ஐ, அதில் ஒன்று பெரிய வட்டி. இரண்டாவது, விலையைக் குறைத்துப் பதிவு செய்துகொள்ளலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்பார். இதை ஊரே செய்கிறது என்று சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் கைமாறினாலே வருமான வரிச் சட்டப்படி அந்த ரொக்கத்தை வாங்கிய விற்பனையாளருக்கு அதே அளவு அபராதம் வரலாம். அதைவிட உங்களுக்கு நேரடி நஷ்டம் வேறு: நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை என்று கணக்கில் இருப்பது பத்திரத்தில் எழுதிய விலைதான், ரொக்கமாகக் கொடுத்ததெல்லாம் உங்கள் லாபமாகத் தெரியும், அதற்கும் சேர்த்து வரி.

இப்போது வாடகைக்கு வருகிறேன். 40 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீதம் வட்டி என்று வையுங்கள், இஎம்ஐ சுமார் 34,700. அந்த ஃபிளாட்டுக்கு வாடகை எவ்வளவு வரும்? தாராளமாக 14,000 என்று வைக்கிறேன். சொத்து வரி, சின்னச் சின்ன மராமத்து, ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, இதெல்லாம் கழித்தால் கையில் 12,500 நிற்கும். மாதா மாதம் 22,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். 'வாடகையே இஎம்ஐ கட்டிவிடும்' என்பது அமெரிக்கக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து இங்கே பரவிய பேச்சு, நம் ஊரில் குடியிருப்பு வீட்டு வாடகை வருடத்துக்குச் சொத்து மதிப்பில் 2, 3 சதவீதத்தைத் தாண்டுவதே பெரும்பாடு, கடன் வட்டியோ 8-க்கு மேல். கடை, கிடங்கு என்றால் கதை வேறு, ஆனால் அதற்கு லோன் வட்டியும் கூட, ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் தாங்கவும் வேண்டும்.

அப்போ எதற்காகத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள்? விலை ஏறும் என்று. சரி, எவ்வளவு ஏறினால் உங்களுக்குக் கட்டுப்படியாகும்? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. ஆரம்பத்தில் போட்டது 14.5 லட்சம். மாதம் 22,000 வீதம் 5 வருடத்தில் சுமார் 13 லட்சம். ஆக உங்கள் பாக்கெட்டிலிருந்து போனது 27, 28 லட்சம். 5 வருடம் கட்டிய பிறகு 40 லட்சத்தில் அசல் எவ்வளவு குறைந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இன்னும் 35 லட்சத்துக்கு மேல் பாக்கி. முதல் மாத இஎம்ஐயில் 28,300 ரூபாய் வட்டிக்கே போகிறது, அசலில் கழிவது சுமார் 6,400தான். ஆகவே 5 வருடம் கழித்து 63 லட்சத்துக்கு விற்றால்தான் நீங்கள் போட்ட காசு, வட்டியே இல்லாமல், வெறும் காசாகத் திரும்பி வரும். அப்புறம் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, விற்கும்போது கமிஷன், அதையெல்லாம் சேர்த்தால் 65-ஐத் தொடும். அன்றைக்கு அது 15 வருடப் பழைய கட்டடம், வாங்க வருபவர் லிஃப்டையும் ஒழுகும் மொட்டை மாடியையும் பார்த்துத்தான் விலை கேட்பார்.

ஃபிளாட்டில் ஏறுவது நிலம்தான், கட்டடம் இறங்கத்தான் செய்யும். அதனால் யுடிஎஸ் எவ்வளவு என்று கேளுங்கள், பிரிக்கப்படாத நிலப் பங்கு. 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு 450 அடி பங்கு இருக்கிறதா 250 இருக்கிறதா என்பதில்தான் நாளைய விலை அடங்கியிருக்கிறது. புரோக்கர் சொல்லும் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியில் எழுதியிருக்கும், அங்கே போய்ப் படியுங்கள். மாடுலர் கிச்சனையும் ஃபால்ஸ் சீலிங்கையும் காட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் அவசரமாகப் புரட்டிவிடுவார்கள்.

வரி மிச்சமாகும் என்று ஒரு பேச்சு வரும். புது வரித் திட்டத்தில் இருக்கிறீர்களா, பழையதிலா? புதியதில் இருந்தால், வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியை வாடகை வருமானத்தோடுதான் கழிக்க முடியும். முதல் வருடம் நீங்கள் கட்டும் வட்டி சுமார் 3.37 லட்சம், வாடகை 1.68 லட்சம், அதிலும் 30 சதவீதம் நிலையான கழிவு ஏற்கனவே போய்விடுகிறது, மிஞ்சும் வட்டியைச் சம்பளத்தில் கழிக்க வழியில்லை. சொந்தமாகக் குடியிருந்தால் பழைய திட்டத்தில் வருடம் 2 லட்சம் வரை வட்டிக்குக் கழிவு உண்டு, புதியதில் அதுவும் இல்லை.

வட்டி விகிதம் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 2019 அக்டோபருக்குப் பிறகு பேங்குகள் கொடுக்கும் ஃப்ளோட்டிங், அதாவது வட்டி மாறக்கூடிய வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு (பேங்குகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) கட்டப்பட்டவை. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.50-க்குப் போனது, 2025-ல் இறங்க ஆரம்பித்து ஜூனில் 5.50 ஆனது. ஏறிய காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? 7 சதவீதத்தில் 40 லட்சம் வாங்கியவரின் இஎம்ஐ 31,000 சொச்சம். வட்டி 9.5 ஆனால் அந்த 40 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 31,600-ஐத் தாண்டிவிடும். இஎம்ஐ மாறாமல் தவணைக் காலத்தை மட்டும் நீட்டினால், கட்டுகிற பணம் வட்டிக்கே பற்றாது, அசல் வளரும். பலர் இதைக் கவனிக்கவே இல்லை, 20 வருடம் என்று நினைத்துக்கொண்டிருந்த கடன் 28, 30 என்று காட்டியபோதுதான் பேங்குக்கு ஓடினார்கள். அதன் பிறகு 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னது. கேட்டால் இஎம்ஐயைக் கூட்டச் சொல்லுங்கள், தாங்க முடிந்தால். ஃப்ளோட்டிங் கடனை முன்கூட்டி அடைக்க தனிநபருக்கு அபராதம் கிடையாது, வருடத்துக்கு ஒரே ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டினாலே உங்கள் கணக்கில் மூன்றரை வருடம் குறையும். போனஸ் வரும் மாதத்தில் செய்துவிடலாம்.

பேங்க் உங்களுக்கு 40 லட்சம் கொடுக்குமா? கொடுக்கும். சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான மதிப்பெண், சரியாக இருந்தால் சம்பளத்தில் பாதி வரை இஎம்ஐக்குப் போகலாம் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள், 75,000-க்கு 34,700 உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் சென்னையில் குடியிருக்கும் வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், இதெல்லாம் அவர்கள் கணக்கில் முழுசாக வராது. அதேபோல பேங்க் லீகல் பார்த்துவிட்டார்கள், டாக்குமென்ட் சுத்தம் என்று நினைக்காதீர்கள். பேங்கின் வக்கீல் பேங்கின் பணத்துக்காகப் பார்க்கிறார். உங்களுக்கென்று ஒரு வக்கீல் வையுங்கள், சில ஆயிரம் ஆகும், ஆகட்டும்.

இப்போது ஊர் மனை. அங்கே ஏமாறுவது இன்னும் சுலபம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லேஅவுட்டுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), இதுதான் அனுமதி. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லா மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டதும், அதன் பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்ததும் ஞாபகம் இருக்கும். அந்தப் பழைய மனைகள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன, வரன்முறை ஆணை இருக்கிறதா என்று காகிதத்தைப் பாருங்கள். புதிய லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும், எண்ணை வாங்கி நீங்களே இணையத்தில் தேடுங்கள், விளம்பர நோட்டீஸில் அச்சடித்த எண் வேறு கட்டத்துக்கானதாக இருக்கலாம்.

வில்லங்கம் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், 30 வருடத்துக்காவது போடுங்கள். ஆனால் ஈசியில், அதாவது அந்த வில்லங்கச் சான்றில், வருவது பதிவானது மட்டும்தான். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, கோர்ட்டில் நடக்கும் கேஸ் எல்லாம் அதில் வராமல் போகலாம். அதனால் அசல் தாய்ப்பத்திரத்தை, அதாவது சொத்து இவருக்கு எப்படி வந்தது என்று காட்டும் முந்தைய பத்திரத்தை, கையில் வாங்கிப் பாருங்கள். 'அது லாக்கரில் இருக்கு, ஜெராக்ஸ் வாங்கிக்கோங்க' என்றால் எங்கேயோ அடமானத்தில் இருக்கிறதோ என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. பட்டா யார் பெயரில் என்று பாருங்கள், கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்கள் கையெழுத்து எங்கே என்று கேளுங்கள். பவர் பத்திரத்தை வைத்து விற்பவரிடம், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று உறுதி செய்யாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சர்வே எண்ணை வைத்துக் கோயில் நிலமா, புறம்போக்கா, பஞ்சமி நிலமா (தலித் மக்களுக்கு அரசு ஒதுக்கிய நிலம்), ஏதாவது திட்டத்துக்குக் கையகப்படுத்துகிறார்களா என்பதைத் தாலுகா ஆபீஸில் விசாரியுங்கள். பரந்தூர் விமான நிலையம் பக்கத்தில் என்று சொல்லி மனை விற்கிறார்கள், பக்கத்திலா, திட்டத்துக்கு எடுக்கும் நிலத்துக்கு உள்ளேயேவா என்பதை வாங்குபவர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது!

மனைக்கு லோன் உண்டு, ஆனால் வீட்டுக் கடனைவிடக் காலம் குறைவாகத்தான் தருவார்கள், பல பேங்குகள் சில வருடத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடும். வாடகையும் வராத சொத்துக்கு இஎம்ஐ கட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் பதில் என்னவென்றால், அந்த ஃபிளாட்டில் நீங்களே குடியேறப் போகிறீர்கள் என்றால் இன்னும் நாலைந்து லட்சம் சேர்த்துக்கொண்டு வாருங்கள், இப்போது கட்டும் வாடகை மிச்சமாவதால் கணக்கு ஓரளவு நிற்கும். வாடகைக்கு விடத்தான் என்றால் வேண்டாம். மனைதான் என்று மனசு சொன்னால் உங்களுக்குத் தெருத்தெருவாகத் தெரிந்த ஊரில், கடன் இல்லாமல், பத்திரச் செலவெல்லாம் சேர்த்து 8 லட்சத்துக்குள் வருவதாகப் பாருங்கள். மீதி 4 லட்சம் பேங்கில் இருக்கட்டும், வேலை போனால் அதுதான் சோறு போடும். 10 லட்சம் மதிப்புக்குள் மனைவி பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, அதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு நாலு மூலையிலும் கல் நட்டு, வருடத்துக்கு இரண்டு தடவையாவது போய் நின்று பாருங்கள். வாடகை வருமானம் எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்கத்தான் ஆசை என்றால் பங்குச் சந்தையில் ரீட் இருக்கிறது, பலர் பணத்தைச் சேர்த்து வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளை. எம்பசி 2019-ல் வந்தது, அப்புறம் மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்ட், நெக்சஸ். ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம், பகிர்ந்தளிக்கத்தக்க பணத்தில் 90 சதவீதத்தை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. விலை ஏறும் இறங்கும், பேங்க் டெபாசிட் மாதிரி இல்லை.

அந்த 50,000 டோக்கன். நான் வேண்டாம் என்று சொல்லியும் வாங்குவதாக இருந்தால், புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள், உரிமையாளரின் பேங்க் கணக்குக்கு அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னாலேயே ரசீதில் இரண்டு வரி எழுதி அவர் கையெழுத்து வாங்குங்கள்: வக்கீல் கருத்து பாதகமாக வந்தாலோ பேங்க் லோன் கிடைக்காவிட்டாலோ முழுத் தொகையையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று, நாள் கணக்கை எண்ணிலும் எழுத்திலும் போட்டு. அந்த இரண்டு வரிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறவரிடம் 50 லட்சத்துக்குச் சொத்து வாங்க வேண்டாம்.