கடைசிப் படகு போன பிறகு

வணக்கம். எல்லாரும் பசியாறியாச்சா? மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் பெர்ஹெந்தியான் தீவுகளுக்குப் போவது பற்றி இந்த வானொலி நிகழ்ச்சியில் பேசச் சொன்னார்கள். பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு அது படகேறும் ஜெட்டி வரை போகவே பத்தாது.

நம் ஊரில் பஸ் நிற்குமிடத்தில் 'பெர்ஹெந்தியான் பாஸ்' என்று மலாயில் எழுதியிருக்குமே, அதே சொல்தான், நிறுத்தம் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் வியாபாரக் கப்பல்கள் நின்று போன இடமாம். திரங்கானு கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பெசார் என்று பெரிய தீவு ஒன்று, கெச்சில் என்று சின்னத் தீவு ஒன்று, இரண்டிலும் கார் ஓட ரோடு கிடையாது.

முதலில் மாதத்தைப் பாருங்கள். நமக்கு லீவு கிடைப்பது தீபாவளிக்கும் டிசம்பருக்கும். அங்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை, அலை ஆள் உயரத்துக்கு எழும், பெரும்பாலான தங்குமிடங்கள் பூட்டிக்கிடக்கும். அந்த மாதங்களில் கடல்தான் வேண்டுமென்றால் மேற்குக் கரைப் பக்கம் லங்காவிக்குப் போய்விட்டு வாருங்கள்.

சரி, வழி. கோலாலம்பூரில் இரவு பஸ் ஏறினால் விடிகாலையில் படகு புறப்படும் ஊரான கோலா பெசுட். விமானம் என்றால் கோத்தா பாருவுக்கு ஒரு மணி நேரம், அங்கிருந்து டாக்சியில் இன்னொரு மணி நேரம். எதில் போனாலும் காலையில் ஜெட்டியில் இருங்கள். காலையில். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் எங்கள் அம்மா.

அம்மா, அக்கா, பிள்ளைகள், நான் என்று ஏழு பேர் வேனில் போனோம். "போற வழியில காப்பி குடிச்சிட்டுப் போலாம்யா" என்றார் அம்மா. காப்பி சோறானது, சோற்றுக்கு அப்புறம் சந்தையில் கெரோப்போக், அதான் மீன் அப்பளம், வாங்க அக்கா இறங்கினாள், ஜெட்டிக்கு வந்து பார்த்தால் கடைசிப் படகு கடலில் புள்ளியாகத் தெரிகிறது. இருட்டிய பிறகு படகு விடமாட்டார்கள், அது நியாயம்தான். தீவில் அறைக்குக் கட்டிய காசு அந்த இரவுக்குப் போச்சு, கோலா பெசுட்டில் ஒரு கடை மாடியில் ஏழு பேரும் ஒரே அறை. அம்மா மட்டும் கவலையே படாமல் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். "இதுக்குத்தான் கட்டிக்கிட்டு வந்தேன்" என்றார், என்னமோ எல்லாம் அவர் திட்டப்படி நடந்த மாதிரி! அந்தப் புளிச்சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

விரைவுப் படகில் அரை மணி, முக்கால் மணி நேரம். முன்பக்கம் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும், இடுப்பு வலிக்காரர்கள் பின்னால் உட்காருங்கள். சில கடற்கரைகளில் ஜெட்டி இல்லை, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். எனவே பெட்டி வேண்டாம், தோள்பை. தீவில் ஏடிஎம் கிடையாது, ரொக்கம் எடுத்துப் போங்கள். கடல் பூங்காக் கட்டணம் கட்டின ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சாப்பாடு. சைவக்காரர்களே, காங்கோங் பிரட்டல் கீரைதானே என்று நம்பிவிடாதீர்கள், அதில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, போட்டிருப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கே தங்குவது? இதைத்தான் விரிவாகப் பேச நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சு என்று கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக, பெரியவர்களும் குழந்தைகளும் என்றால் பெசார், இளவட்டம் என்றால் கெச்சிலில் லாங் பீச், இரவில் கொஞ்சம் சத்தம் இருக்கும். பச்சை ஆமை பக்கத்தில் வந்தால் தொடாமல் பாருங்கள். திரும்பும்போதும் காலைப் படகு, அன்றைக்கே மாலை விமானத்துக்கு டிக்கெட் போட்டிருந்தாலும் காலைப் படகுதான். ஆங், கெரோப்போக்கை அப்போது வாங்கிக்கொள்ளலாம். வணக்கம்.