“பயப்பட ஒண்ணுமில்ல”ன்னு மட்டும் சொல்லாதீங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடியோவுல கிராஃபிக்ஸ், மியூசிக் எதுவும் கிடையாது. அணுமின் நிலையத்துல ஏதாவது நடந்தா அதை மக்கள்கிட்ட எப்படிச் சொல்லணும்ங்கிறதைப் பத்தி உட்கார்ந்து பேசப் போறேன், அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை காலையில 7:23. பாதி ஊரு தூக்கத்துல இருக்கு. எல்லார் ஃபோனும் ஒரே நேரத்துல அலறுது. எடுத்துப் பார்த்தா, பிக்கரிங் அணுமின் நிலையத்துல ஒரு சம்பவம், வழக்கத்துக்கு மாறா கதிரியக்கம் எதுவும் வெளியேறல, பக்கத்துல இருக்கிறவங்க இப்போதைக்கு எதுவும் செய்யத் தேவையில்ல, இப்படி ஒரு செய்தி. 2020 ஜனவரி 12, கனடாவுல ஒன்டாரியோ மாகாணம். டொரன்டோவுக்குப் பக்கத்துலயே இருக்கிற நிலையம் அது.

இந்தச் செய்தியில என்னென்ன இல்லன்னு பாருங்க. என்ன சம்பவம்? இல்ல. எப்ப நடந்துச்சு? இல்ல. அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும்? அதுவும் இல்ல. ஒண்ணும் செய்ய வேண்டாம்னா எதுக்குய்யா என்னை எழுப்புன?

உண்மையில ஒண்ணுமே நடக்கல. மாகாண அரசோட அவசரகால மையத்துல ஷிஃப்ட் மாறுறப்ப அலர்ட் சிஸ்டத்தைச் சோதிச்சுப் பார்க்கிறது வழக்கம். டியூட்டியில இருந்தவர் பயிற்சி சிஸ்டத்துல இருக்கோம்னு நினைச்சு நிஜ சிஸ்டத்துலயே அனுப்பிட்டார். கை தவறுது, யாருக்கும் நடக்கும், விடுங்க. என்னால விட முடியாதது அடுத்தது. தப்புன்னு கொஞ்ச நேரத்துலயே உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா “அது தவறுதலா போனது”ன்னு அதே ஃபோனுக்கு ரெண்டாவது அலர்ட் வர 108 நிமிஷம் ஆச்சு! நடுவுல ட்விட்டர்ல சொன்னாங்க, சரி. ட்விட்டரா அவங்களை எழுப்புச்சு? எந்த வழியில பதற வெச்சியோ அதே வழியில வந்து சொல்லணும்ல.

அந்த ரெண்டு நாள்ல அயோடின் மாத்திரை கேட்டு வந்த ஆர்டர் 30,000-க்கு மேல. வேடிக்கை என்னன்னா, அந்த மாத்திரையை 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற வீடுகளுக்கு முன்னாடியே கொடுத்து வெச்சிருக்கணும்னு விதியே இருக்கு. 50 கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவங்க கேட்டு வாங்கிக்கலாம். இத்தனை பேருக்கு அன்னைக்குத்தான் அந்த ஞாபகமே வந்திருக்கு. (இதைச் சொல்லிடறேன்: அந்த மாத்திரை காப்பாத்துறது தைராய்டை மட்டும்தான், அதுவும் கதிரியக்க அயோடின்கிட்ட இருந்து மட்டும். சொல்றப்பதான் போடணும். முன்கூட்டியே நாமளா முழுங்கி வைக்கிற விஷயம் இல்ல.)

இது பொய் அலாரம். நிஜத்துக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப வலிக்கிற கதை நமியே ஊரோடது. 2011 மார்ச், ஜப்பான்ல ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து. நமியே மக்கள் கடலோரத்தை விட்டு உள்ள தள்ளி, வடமேற்குல சுஷிமான்னு ஒரு பகுதிக்குப் போனாங்க. தூரமா இருக்கு, பாதுகாப்புன்னு நம்பிப் போனாங்க. பிள்ளைங்க வெளியில விளையாடிட்டு இருந்தாங்க. 15-ஆம் தேதி காத்து திரும்பி, கதிரியக்கம் போனது நேரா அந்தத் திசையில.

இதுல கொடுமை என்ன தெரியுமா? காத்து எந்தப் பக்கம் கொண்டு போகும்னு கணக்குப் போடறதுக்கே ஜப்பான்கிட்ட ஸ்பீடின்னு ஒரு கணினி சிஸ்டம் இருந்துச்சு. அது படம் போட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. மக்களுக்கு முதல் படம் வெளியானது மார்ச் 23. உலையில இருந்து எவ்வளவு கசியுதுங்கிற அளவு சரியா தெரியல, அதனால கணக்கை நம்ப முடியாது, இதுதான் சொன்ன காரணம். சரி, அளவு தெரியாது. திசை? “அளவு தெரியல, ஆனா வடமேற்குப் பக்கம் போகாதீங்க”ன்னு ஒரு வரி போதுமே. அரைகுறையா தெரிஞ்சதை அரைகுறைன்னு சொல்லியே கொடுத்திருக்கலாம்.

“உருகல்”ங்கிற வார்த்தையும் அப்படித்தான். உலையோட மையம் உருகியிருக்கலாம்னு மார்ச் 12-லயே பேசின அரசாங்க அதிகாரியைப் பேட்டி மேஜையில இருந்து மாத்திட்டாங்க. அந்த வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாதுன்னு மார்ச் 14-ல, நிலையத்தை நடத்துன டெப்கோ கம்பெனியோட தலைவர் சொல்லியிருந்தார்ங்கிறது விசாரணை அறிக்கையா வெளிய வந்தது 2016-ல.

சோவியத் யூனியன்ல அணு உலை வெடிச்ச செர்னோபில் கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான், நீட்ட வேண்டாம். ஒரே ஒரு காட்சி: 1986 ஏப்ரல் 28 காலையில ஸ்வீடன்ல ஃபோர்ஸ்மார்க் நிலையத்துல ஒரு ஊழியரோட ஷூ கதிரியக்க அலாரத்தை அடிக்க வெச்சுது. 1,000 கிலோமீட்டருக்கு மேல தாண்டி வந்த தூசு. வெடிச்சு ரெண்டு நாளாச்சு. மாஸ்கோ டிவியில ஒரு சின்ன அறிவிப்பு வந்தது அன்னைக்கு ராத்திரிதான். அதுக்கப்புறம்தான் அதே வருஷம் உடனடியா மத்த நாடுகளுக்குத் தெரிவிக்கணும்னு சர்வதேச ஒப்பந்தம் வந்துச்சு.

“சொன்னா ஜனம் பீதி ஆயிடும்”ங்கிறாங்க. 1979-ல அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலைய விபத்துல பீதி கிளப்புனது என்ன? ஆளுக்கு ஒரு பேச்சு. கம்பெனி ஒண்ணு சொல்லும், மாகாணம் ஒண்ணு சொல்லும், வாஷிங்டன் வேற சொல்லும். ஹெலிகாப்டர்ல உலைப் புகைபோக்கிக்கு மேல எடுத்த ஒரு கதிரியக்க அளவை நிலைய எல்லைக்கு வெளியில எடுத்த அளவுன்னு தப்பா எடுத்துக்கிட்ட குழப்பம் வேற. ஜனாதிபதி கார்ட்டர் ஹரால்ட் டென்டன்ங்கிற ஒழுங்குமுறை ஆணைய அதிகாரியை அனுப்பினதுக்கு அப்புறம்தான் சத்தம் அடங்குச்சு. அவர் அலங்காரமா பேசுறவரும் இல்ல. ஒரே ஆளு, தினமும் வந்து உட்கார்றாரு, கேட்டதுக்குப் பதில் சொல்றாரு.

ஆனா ஒரு நாள்ல வர்ற நம்பிக்கை இல்ல இது. பிரான்ஸ்ல அணுமின் நிலையத்தைச் சோதனை போட்டதும், என்ன குறை கண்டாங்கன்னு நிலையத்துக்கு எழுதுற கடிதத்தை ஒழுங்குமுறை ஆணையம் இணையத்துலயே போட்டுடும். படிக்க அலுப்பா இருக்கும். வால்வு, பதிவேடு, தீயணைப்புக் கதவுன்னு போகும். அந்த அலுப்புதான் எனக்குப் பிடிச்சிருக்கு. சாதாரண நாள்ல கதவு சரியா மூடலன்னு சொல்றவன், மோசமான நாள்ல “வீட்டுக்குள்ளயே இருங்க”ன்னா நான் கேப்பேன்.

அமெரிக்காவுல நிலையத்துக்கு 10 மைல் சுத்துல இருக்கிற வீடுகளுக்கு வருஷா வருஷம் அவசரகாலத் தகவல் வரும். பல இடத்துல அது காலண்டராவே வரும். எந்த மண்டலம், எந்த வழியா வெளியேறணும், எல்லாம் அதுலயே இருக்கும். உங்க யார் வீட்டுச் சுவத்துலயாவது அப்படி ஒண்ணு தொங்குனா, கடைசிப் பக்கத்தைப் புரட்டி உங்க மண்டலம் எதுன்னு பாருங்க. எனக்கும் ஒரு ஃபோட்டோ அனுப்புங்க. பேட்டரி சிவப்பு காட்டுது, வைக்கிறேன்.