இசை நாடகத்தில் நடிகர் மாறினால் ரசிகர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

[திரையில்: ஜாலான் துன் ரசாக் பக்கமிருந்து தெரியும் இஸ்தானா புடாயாவின் கூரை]

வணக்கம். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோலாலம்பூர் இஸ்தானா புடாயாவில் 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' இசை நாடகம் நடந்தது. 1986 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய நாடகம் நம் ஊர் மேடைக்கு வந்து சேர 33 வருடம் ஆனது. அன்று முகமூடி அணிந்த ஃபேன்டமாகப் பாடியவர் தென்னாப்பிரிக்காவின் ஜோனதன் ராக்ஸ்மத். நாயகி கிறிஸ்டினாக வந்தவர் அமெரிக்காவின் மேகன் பிசெர்னோ. லண்டனில் இந்த வேடங்களை முதலில் ஏற்ற மைக்கேல் கிராஃபோர்டும் சாரா பிரைட்மனும் எப்போதோ விலகிவிட்டார்கள். நடுவில் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள்.

அதாவது, லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ விமானம் ஏறிப்போன சிலரைத் தவிர, மலேசிய ரசிகர்கள் யாரும் முதல் நடிகர்களை மேடையில் பார்த்ததே இல்லை. நமக்கு வந்தவர்கள் எல்லாருமே இன்னொருவர் விட்டுப்போன வேடத்தை ஏற்றவர்கள். ஆனாலும் இடைவேளையில், "நல்லாத்தான் பாடுறாரு, ஆனா கிராஃபோர்ட் மாதிரி வரலியே" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். பார்த்தே இராத ஒருவரோடு எப்படி ஒப்பிட முடிகிறது?

கேட்டிருக்கிறோமே, அதனால்தான்.

லண்டன் குழுவின் இசைப்பதிவு 1987-இல் வெளியானது. கேசட்டாக வந்தது, பிறகு சிடியாக, இப்போது கைப்பேசியில். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் திரும்பும் பெருநாள் நெரிசலில் காருக்குள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. ஒரே பதிவை நூறு தடவை கேட்டால், பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார், எங்கே குரலைத் தணிக்கிறார் என்பதெல்லாம் பாட்டோடு ஒட்டிக்கொள்கிறது. இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெபர் எழுதிவைத்தது எது, அந்தப் பாடகர் அன்று சேர்த்தது எது என்று நம் காதுக்குப் பிரிக்கத் தெரிவதில்லை. அதனால் இன்னொருவர் வேறு இடத்தில் மூச்சு வாங்கினால், பாட்டையே தப்பாகப் பாடிவிட்டார் என்று தோன்றுகிறது.

இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஒரு குரலோடு பல வருடம் வாழ்ந்தவருக்கு அது போனால் இழப்புதான். ஆனால் முதலில் கேட்ட குரல் எதுவோ அதுவே அசல் ஆகிவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இஸ்தானா புடாயாவில் முதன்முறையாக இந்த நாடகத்தைப் பார்த்த ஒரு பள்ளி மாணவிக்கு ராக்ஸ்மத்தான் ஃபேன்டம். பிறகு ஒருநாள் அவள் கிராஃபோர்டின் பதிவைக் கேட்டால், "இவர் குரல் ஏன் இவ்வளவு மெல்லிசாக இருக்கிறது?" என்று கேட்கலாம். அவள் கேட்பதிலும் நியாயம் உண்டு.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1970-களில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில், போகிற இடமெல்லாம் தட்டுத்தடுமாறி விழும் நகைச்சுவை வேடத்தால் பெயர் வாங்கியவர் கிராஃபோர்ட். அவரை ஃபேன்டமாக அறிவித்தபோது 'இவரா?' என்று வியந்தவர்கள் பலர். இன்று எல்லாரையும் அளக்கும் கோலாக அவரே நிற்கிறார்.

[திரையில்: வெறும் ஒத்திகை அறை, தரையில் வண்ண டேப் கோடுகள்]

சரி, ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சி. கிறிஸ்டின் வேடம் ஒரு குரல் தாங்கக்கூடியதைவிட அதிகம் பாடும் வேடம். ஆகவே சாரா பிரைட்மன் காலத்திலேயே எல்லாக் காட்சிகளையும் அவர் செய்யவில்லை. லண்டனில் மீதிக் காட்சிகளில் பாடியவர் கிளேர் மூர். இப்படி முறைவைத்துப் பாடுபவரை ஆல்டர்னேட் என்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே இரண்டு கிறிஸ்டின்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் மட்டும் இசைத்தட்டில் இடம்பிடித்தார்.

ஆல்டர்னேட் தவிர அண்டர்ஸ்டடி உண்டு. சின்ன வேடத்தில் நடித்துக்கொண்டே பெரிய வேடத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். ஸ்விங் என்பவரின் வேலை இன்னும் கடினம். கோரஸில் பத்துப் பன்னிரண்டு பேரின் இடங்களையும் அசைவுகளையும் தலையில் வைத்துக்கொண்டு, அரைமணி நேரத்துக்கு முன் சொன்னாலும் போய் நிற்க வேண்டும். முதன்மை நடிகர் வரவில்லை என்ற அறிவிப்பைக் கேட்டு அரங்கில் எழும் 'ச்சே' என்ற சத்தம், திரைக்குப் பின்னால் அவருக்குப் பதிலாக உடை மாட்டிக்கொண்டு நிற்பவர் காதிலும் விழும். 2015 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஒபாமா 'ஹாமில்டன்' பார்க்க வந்த காட்சியில் தலைமை வேடம் போட்டவர், நாடகத்தை எழுதிய லின்-மனுவேல் மிராண்டா இல்லை. அவருடைய ஆல்டர்னேட் ஹாவியர் முன்யோஸ். அடுத்த வருடம் மிராண்டா விலகியபோது அந்த வேடம் முழுதாக முன்யோஸ் கைக்கு வந்தது.

நிரந்தரமாக ஒரு வேடத்துக்கு வருபவரின் கதை வேறு. முதல் குழுவுக்கு வாரக்கணக்கில் சேர்ந்து ஒத்திகை கிடைக்கும், நாடகமே அவர்கள் உடம்புக்கும் குரலுக்கும் ஏற்றபடி வளையும். புதிதாக வருபவர் ஒரு அறையில், பியானோ ஒன்றை வைத்துக்கொண்டு, தரையில் ஒட்டிய டேப்பைப் படிக்கட்டாகவும் படகாகவும் நினைத்துக்கொண்டு கற்கிறார். எதிரில் வசனம் பேசுபவர் பெரும்பாலும் உடன்நடிகராக இருக்கமாட்டார், உதவி இயக்குநராகவோ நடனப் பொறுப்பாளராகவோ இருப்பார். கடைசியில் புட்-இன் என்று ஒரு ஒத்திகை. குழு முழுவதும் சாதாரண உடையில் வந்து நிற்க, புதியவர் மட்டும் முழு ஒப்பனையில் ஒருமுறை ஓடிப்பார்ப்பார். பிறகு நேராகப் பார்வையாளர் முன்னால்.

அந்த முதல் வாரத்தில் யாரோ மேல்மாடியிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்த முப்பது விநாடி வீடியோதான் நமக்கு வந்து சேர்கிறது. அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. மாதங்கள் கழித்து மெருகேறிய ஒருவரின் ஸ்டூடியோ பதிவையும், பயந்துகொண்டே நிற்கும் ஒருவரின் கைப்பேசி ஒலியையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று யாருக்கும் தெரியும்.

[திரையில்: 1960-களின் நியூயார்க் நாடக அரங்க வாசல், விளக்கு எழுத்துகள்]

நடிகர் மாற்றத்தை வைத்தே ஒரு நாடகம் ஓடியது என்றால் அது 'ஹலோ, டாலி!'. 1964 ஜனவரியில், நாயகி டாலியாகக் கேரல் சானிங்கோடு தொடங்கியது. அவர் போனதும் டிக்கெட் விற்பனை விழவேண்டியதுதானே? தயாரிப்பாளர் டேவிட் மெரிக் விடவில்லை. ஜிஞ்சர் ராஜர்ஸ், மார்தா ரே, பெட்டி கிரேபிள் என்று ஒருவர் பின் ஒருவராகக் கூட்டிவந்தார். 1967-இல் பேர்ல் பெய்லியைத் தலைமையில் வைத்து, கேப் காலவே உட்பட முழுக்கக் கறுப்பின நடிகர்கள் கொண்ட குழுவையே இறக்கினார். மூன்று வருடப் பழைய நாடகத்துக்கு மறுபடி கூட்டம் அலைமோதியது.

எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்தது கடைசிப் பகுதி. பாடல்கள் எழுதிய ஜெர்ரி ஹெர்மன் அந்த வேடத்தை முதலில் நினைத்து எழுதியது எத்தல் மெர்மனுக்காக. மெர்மன் வேண்டாம் என்றதால்தான் அது சானிங்குக்குப் போனது. 1970-இல், கடைசி டாலியாக அதே மெர்மன் வந்தார். அவருக்காக எழுதி ஒதுக்கிவைத்த இரண்டு பாட்டுகள் அப்போதுதான் நாடகத்தில் சேர்ந்தன. இதில் யார் அசல், யார் மாற்று? 2,844 காட்சிகளோடு அந்த வருடம் டிசம்பரில் நாடகம் முடிந்தது.

நம் மேடையைப் பார்ப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களை மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் இன்றும் ஸ்பெஷல் நாடகமாக நடத்துகிறார்கள். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, பபூன் இன்னொரு ஊரிலிருந்து. ஒவ்வொருவரும் தனித்தனி ஒப்பந்தம், கூட்டு ஒத்திகை கிடையாது. இரவு மேடையில் சந்தித்து விடியவிடிய நடிப்பார்கள். நோட்டீஸில் ஒவ்வொருவர் படமும் பெயரும் இருக்கும். கதை எல்லாருக்கும் தெரியும். இன்றைய நாரதரை இன்றைய வள்ளி தர்க்கத்தில் எப்படி மடக்குகிறாள் என்று பார்க்கத்தான் கூட்டம். நேற்றைய வள்ளி எங்கே என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை.

பினாங்கின் பங்சாவான் நாடகமும் இந்தச் சாயலில்தான் வளர்ந்தது. 1870-களில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பிறந்த கலை அது. 1885-இல் முதல் குழு ஒன்றைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் மாமாக் புஷி பினாங்கின் ஜாவி பெரானாக்கான் (இந்திய முஸ்லிம், மலாய் கலப்பு) சமூகத்தவர். அங்கே கதாநாயகன் 'ஓராங் மூடா', நாயகி 'ஸ்ரீ பாங்கோங்'. முழு வசனம் எழுதி வைப்பதில்லை, கதைப்போக்கு மட்டும் இருக்கும், மீதி நடிகர் பாடு.

அதற்காக நம்மவர்கள் குரலில் பிடிவாதம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சிறுவர்கள் நடித்த அந்தக்கால பாய்ஸ் கம்பெனிகளில் பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் பெரிய வேடம் கைமாறும், நேற்றுவரை கைதட்டு வாங்கியவன் ஓரத்துக்குப் போய்விடுவான். எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் சின்ன வயதிலேயே மறைந்தபோது, அவர் மனைவியும் மேடைத் துணையுமான கே.பி. சுந்தராம்பாள் இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதியெடுத்தார். பிறகு 1935-இல் திரைக்கு வந்தபோது நந்தனாராக ஆண் வேடத்தில் வந்தார். மாற்று நடிகர் வேண்டாம் என்ற முடிவை இங்கே எடுத்தது ரசிகர் அல்ல, உடன் பாடியவர். கிட்டப்பாவின் குரலும் இசைத்தட்டில் பதிவானது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

[திரையில்: உலக வரைபடம், லண்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கோடு]

இதுவரை பேசியது பாசத்தால் வரும் கோபம். இன்னொரு கோபம் இருக்கிறது, அதை இதோடு போட்டுக் குழப்பக்கூடாது.

1989-இல் லண்டனில் 'மிஸ் சைகோன்' தொடங்கியது. பிலிப்பீன்ஸின் லியா சலோங்கா நாயகி. ஆனால் பாதி வியட்நாமியரான எஞ்சினியர் வேடத்தில் வெள்ளையரான ஜோனதன் பிரைஸ், கண் வடிவை மாற்றும் ஒப்பனையோடு நடித்தார். 1990-இல் நாடகம் நியூயார்க்குக்குப் போக இருந்தபோது அங்குள்ள நடிகர் சங்கம் முதலில் மறுத்தது, பிறகு இறங்கிவந்தது. எதிர்ப்பில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் நடிகர் பி.டி. வோங். 1991-இல் பிரைஸே அங்கும் நடித்தார். அவர் விலகியதும் வேடத்தை ஏற்றவர் ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் ருயிவிவார். முதல் தேர்வில் இருந்த குறையை மாற்று நடிகர் தேர்வு சரிசெய்தது.

2025-இல் இதன் மறுபக்கம் நடந்தது. சியோல் நகரில் நடக்கும் ரோபோக்களின் கதையான 'மேபி ஹாப்பி எண்டிங்' சிறந்த இசை நாடகத்துக்கான பிராட்வேயின் டோனி விருதை வாங்கியது. நாயகன் டேரன் கிரிஸுக்கும் விருது, அவர் தாய் பிலிப்பீன்ஸ்காரர். கிரிஸ் விடுப்பில் போன ஒன்பது வாரத்துக்கு வெள்ளையரான ஆண்ட்ரூ பார்த் ஃபெல்ட்மனை அறிவித்தார்கள். ஆசிய அமெரிக்கக் கலைஞர்களும் ரசிகர்களும் கொதித்தார்கள். எதிர்த்து எழுதியவர்களில் பி.டி. வோங்கும் இருந்தார், 35 வருடம் கழித்து!

ரோபோ வேடம்தானே, யார் நடித்தால் என்ன என்று ஒரு வாதம் வந்தது. எனக்கு அது போதாது. ஆசிய முகங்களுக்கு ஒரு பெரிய மேடையில் எத்தனை முதன்மை வேடம் கிடைக்கிறது என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. மலேசியாவில் தமிழ் முகத்துக்குப் பொதுமேடையில் எந்த மாதிரி வேடம் வருகிறது என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதேசமயம், அந்தக் கேள்வியைத் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டும். வாய்ப்பு வந்தது என்று ஒப்புக்கொண்ட இளைஞனின் பக்கத்தில் போய் வசைபாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

[திரையில்: நியூயார்க் மெஜஸ்டிக் அரங்கம், இரவு]

மறுபடி ஃபேன்டமுக்கு வருவோம். பிராட்வேயில் 1988 ஜனவரியில் தொடங்கிய அந்த நாடகம் 2023 ஏப்ரல் 16 அன்று முடிந்தது. மொத்தம் 13,981 காட்சிகள், வேறு எந்த பிராட்வே நாடகமும் அவ்வளவு ஓடியதில்லை. கடைசி இரவில் கிறிஸ்டினாகப் பாடியவர் எமிலி குவாச்சூ, பிராட்வேயில் அந்த வேடத்தை ஏற்ற முதல் கறுப்பினப் பெண். அவர் ஆல்டர்னேட்டாக உள்ளே வந்து, பிறகு முழுநேரக் கிறிஸ்டின் ஆனவர். வழக்கமாக ஃபேன்டம் வேடம் போட்ட பென் கிராஃபோர்டுக்கு (மைக்கேல் அல்ல, இவர் வேறு) அப்போது உடல்நலம் சரியில்லை. எனவே 35 வருட நாடகத்தின் கடைசிக் காட்சியில் முகமூடியை மாட்டியவர் அவருக்குப் பதிலாக வந்த லேர்ட் மெக்கின்டாஷ். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு மேடைக்கு வந்தவர்களில் சாரா பிரைட்மனும் ஒருவர்.