அம்மாவின் வயதைக் கேட்காத ஐக்யூ தேர்வு

வணக்கம் மக்களே. இன்று மாடித் தோட்டம் இல்லை. கத்தரி பூத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன். இன்று எனக்குக் கோபம். டீ குடித்தும் ஆறவில்லை.

அம்மாவை உங்களுக்குத் தெரியும், சீட்டு வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அவருடைய ஏலச்சீட்டில் 20 பேர், ஆளுக்கு 2,000 ரூபாய். 9,000 தள்ளிப் போனால் ஆளுக்கு 450 கழிவு, 1,550 கட்டினால் போதும் என்று நான் கால்குலேட்டரைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். அந்த அம்மா போன வாரம் புதன்கிழமை சீட்டு நோட்டை என் மடியில் வைத்து, "எனக்கு மூளை மங்கிப் போச்சு கண்ணு, இனிமே நீயே பார்த்துக்க" என்றார்.

விசாரித்தால், போனில் ஏதோ ஐக்யூ தேர்வு, அதாவது அறிவுத்திறனுக்கு ஓர் எண் போடும் தேர்வு, எழுதியிருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். 30 கேள்வி, 20 நிமிடம், இலவசம். எழுதி முடித்ததும் முடிவைப் பார்க்க 349 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். கட்டிவிட்டார். 81 என்று வந்திருக்கிறது. 349 ரூபாய்க்கு நான் ஒரு மூட்டை மண்புழு உரம் வாங்கியிருப்பேன். அதோடு விட்டார்களா? நேற்று, சரியாக ஏழாம் நாள், 1,899 ரூபாயை எடுத்துவிட்டார்கள். மாதச் சந்தாவாம். பணம் கட்டும் பக்கத்தின் அடியில், வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். யுபிஐ ஆப்புக்குள் ஆட்டோபே என்று, தானாகப் பணம் எடுக்க விட்ட அனுமதிகள் இருக்கும் ஒரு பகுதி இருக்கிறது, அதைத் தேடிப் பிடித்து ரத்து செய்ய எனக்கு 40 நிமிடம் ஆனது. 'ரத்து செய்யப்பட்டது' என்று பச்சையில் வந்ததும் சத்தம் போட்டே கத்திவிட்டேன். ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன். நீங்களும் இப்போதே உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனில் அந்தப் பகுதியைத் திறந்து பாருங்கள்.

சரி, பணம் போகட்டும். அந்த 81 என்ன என்று பார்க்க ராத்திரி நானே அந்தத் தேர்வை எழுதினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அவர்கள் வயதைக் கேட்கவே இல்லை! எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஏன் என்றால், இந்த எண் பிறந்ததே வயதிலிருந்துதான். 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சிமோனும் பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஒரு தேர்வு செய்தார்கள். அதிலிருந்து மனவயது என்ற கணக்கு வந்தது. 1912இல் வில்லியம் ஸ்டெர்ன் அதை நிஜ வயதால் வகுக்கச் சொன்னார், 1916இல் ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் 100ஆல் பெருக்கினார். 10 வயதுப் பிள்ளை 12 வயதுக்காரர் அளவுக்குச் செய்தால் 120. பிள்ளைகளுக்குச் சரி. 67 வயது அம்மாவை எப்படி வகுப்பது? அதனால்தான் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் இருந்த டேவிட் வெக்ஸ்லர் 1939இல் பெரியவர்களுக்கான தேர்வைக் கொண்டுவந்தபோது வகுத்தலையே தூக்கி எறிந்தார். உங்கள் வயதுக்காரர்களின் சராசரி 100, அதிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே, அவ்வளவுதான். வயதே தெரியாமல் அம்மாவை யாரோடு ஒப்பிட்டார்கள்? காலேஜ் பையன்களோடா?

வேகத்தில் அவர்களோடு ஓட முடியாது, அது உண்மை. எண்ணுக்குக் குறி போடும் ஒரு பகுதி வெக்ஸ்லர் தேர்வில் உண்டு. கடிகாரத்தை வைத்து எழுத வேண்டும். வயது ஏற ஏற அதில் மதிப்பெண் இறங்கும். அந்த வேகம் 18, 19 வயதிலேயே உச்சிக்குப் போய்விடுகிறது என்று ஆய்வாளர்கள் ஜோஷுவா ஹார்ட்ஸ்ஹோர்னும் லாரா ஜெர்மைனும் 2015இல் எழுதினார்கள். அவர்களே சொல்லியிருக்கிறார்கள், சொல்வளம் 60களின் கடைசி வரைக்கும்கூட ஏறுகிறது. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்தார். புதுச் சிக்கலை அந்த நிமிடமே அவிழ்ப்பது ஃப்ளூயிட், வருடக்கணக்கில் சேர்ந்தது கிரிஸ்டலைஸ்டு. அம்மாவின் சீட்டுக் கணக்கு எதில் வரும் என்று நீங்களே சொல்வீர்கள்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். அந்தத் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். அம்மா தமிழ்வழியில் எட்டாவது வரை. ஒவ்வொரு கேள்வியையும் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார், மேலே சிவப்பில் நொடி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஓடும் கடிகாரத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பெரியவர்களைச் சின்னவர்களோடு ஒப்பிடுவது சரியா என்று பார்க்கவும் ஒருவர் பாடுபட்டிருக்கிறார். உளவியலாளர் கே. வார்னர் ஷாயி 1956இல் சியாட்டிலில் தொடங்கி, ஏழு வருடத்துக்கு ஒரு முறை அதே ஆட்களைச் சோதித்தார். ஒரே நாளில் 25 வயதுக்காரரையும் 65 வயதுக்காரரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரியவர் ரொம்பப் பின்தங்கித் தெரிவார். ஆனால் அவர் குறைவாகப் படித்த தலைமுறை, அந்த வித்தியாசமும் அதில் கலந்திருக்கிறது. ஒரே ஆளைத் தொடர்ந்து பார்த்தால் பல திறன்கள் 60 வரை பெரிதாக இறங்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்காட்லாந்து கதை. 1932 ஜூன் 1 அன்று, 1921இல் பிறந்த பள்ளிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோரையும், 87,498 பேரை, ஒரே தேர்வு எழுத வைத்தார்கள். மதிப்பெண் ஏடுகள் பத்திரமாக இருந்தன. 66 வருடம் கழித்து, 1998இல், ஆய்வாளர்கள் இயன் டியரியும் லாரன்ஸ் வாலியும் அபர்டீனில் அவர்களில் 101 பேருக்கு அதே தேர்வைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய 77 வயது! 11 வயதில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் இப்போதும் முன்னால். இரண்டு மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு 0.63, முழுப் பொருத்தம் என்றால் 1. அதைவிட, மொத்தத்தில் சிறுவயதில் எடுத்ததைவிட அதிகமாக எடுத்தார்கள். இந்த இடத்தைப் படித்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

அம்மா குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே கேட்டார். "அந்தப் பாட்டிக ஆங்கிலத்துலயா எழுதினாங்க?" என்றார். அவர்களுக்கு அது தாய்மொழி அம்மா என்றேன். "அப்பச் சரி" என்றார்.

இன்று காலை என் மேசையில் நோட்டு இல்லை. தேடினால் அம்மா திண்ணையில் அதைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதி வைத்த ஒரு வரியில் 50 ரூபாய் குறைகிறதாம். கீழே இருந்து கூப்பிடுகிறார், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.