அழற்சியை அடக்குவது யார்?

வணக்கம் மக்களே. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸிலிருந்து பேசுகிறேன். பெங்களூரில் குளிர் இறங்கிவிட்டது, தொண்டை கட்டாத ஆளே இல்லை. மருந்துக் கடைகளில் இம்யூனிட்டி பூஸ்டர் டப்பாக்களாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பு சக்தி ஏற ஏற நல்லதுதானே என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் நம் திசுக்களில் காவல் இருக்கின்றன. சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள எல்பிஎஸ் என்ற பொருளை, இந்த அணுவின் மேலுள்ள டிஎல்ஆர்4 என்ற உணர்வி கண்டுகொள்ளும். உள்ளே என்எஃப் கப்பா பி என்ற புரதம் காத்திருக்கிறது. ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986-இல் அமெரிக்காவில் கண்டறிந்தது. சாதாரண நேரத்தில் ஐ கப்பா பி என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். செய்தி வந்ததும் ஐகேகே என்ற நொதி, ஐ கப்பா பி மேல் பாஸ்பேட்டை ஒட்டும். செல் அதைச் சிதைத்துவிடும். விடுபட்ட என்எஃப் கப்பா பி உட்கருவுக்குள் போய், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற புரதங்களின் ஜீன்களை முடுக்கிவிடும். காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம் அதைத் தொடர்ந்து வருபவை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அதே என்எஃப் கப்பா பி, தன்னைக் கட்டிப்போடும் ஐ கப்பா பி-யின் ஜீனையும் கூடவே முடுக்கிவிடுகிறது! புதிதாக உருவான ஐ கப்பா பி உட்கருவுக்குள் நுழைந்து, அதைப் பிடித்து வெளியே கொண்டுவந்துவிடும். ஏ20 என்று ஒரு புரதம், அதுவும் இதே வழியில் உருவாகி, மேலிருந்து வரும் செய்தியையே அடக்குகிறது. ஏ20 ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே சின்ன வயதில் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வரலாம். 2016-இல்தான் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். கிருமியே இல்லாமல் இவ்வளவு அவதி, பாருங்கள்.

சரி, அப்படியானால் டிஎன்எஃப்பை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? முடக்குவாதத்துக்கு அதைத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் டிபி கிருமியைச் சுற்றி வளைத்து அடைத்து வைக்கவும் டிஎன்எஃப் வேண்டும். அதைத் தடுத்தால், வெளியே தெரியாமல் உள்ளே பதுங்கியிருக்கும் டிபி கிளம்பிவிடலாம். நம் நாட்டில் அப்படிப் பதுங்கியிருப்பது ரொம்ப சகஜம். அதனால்தான் ஊசிக்கு முன்னால் டாக்டர் டிபி சோதனை எழுதுகிறார். உங்கள் அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ எழுதியிருந்தால், இருமலே இல்லையே என்று தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். முதலில் அதை முடித்துவிடுங்கள், அப்புறம் ஊசி.