அறிஞர் எலெனா

நேயர்களுக்கு வணக்கம். சர்வாதிகாரிகளின் மனைவியரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரியின் மனைவி இமெல்டா மார்கோஸ் குவித்து வைத்த காலணிகளை எடுத்துக்கொண்டால் நேரம் சிரிப்பிலேயே கழிந்துவிடும். நான் எலெனா சௌஷெஸ்குவைப் பற்றிப் பேசப்போகிறேன். 1965 முதல் 1989 வரை ருமேனியாவைத் தன் பிடியில் வைத்திருந்த நிகோலாய் சௌஷெஸ்குவின் மனைவி. இவருக்கு இருந்த ஆசை விசித்திரமானது. உலகம் தன்னை விஞ்ஞானி என்று அழைக்க வேண்டும்!

பெத்ரெஷ்தி என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் 1916இல் பிறந்தவர். அரசு ஏடுகளில் பிறந்த ஆண்டு 1919 ஆகிவிட்டது. அது சின்னப் பொய். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. பிழைப்புத் தேடித் தலைநகர் புக்காரெஸ்ட் போய் ஆலை வேலை பார்த்தார், தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், அங்கே நிகோலாயைச் சந்தித்தார், 1947இல் மணந்தார். இதுவரை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏழை வீட்டுப் பெண் படிக்க முடியாமல் போனது அவர் குற்றமா?

கணவர் கட்சித் தலைவரான இரண்டே ஆண்டில், 1967இல், எலெனா வேதியியலில் முனைவர் ஆனார். ஆய்வுப் பொருள், ஐசோப்ரீன் என்ற சேர்மத்தைக் கொண்டு செயற்கை ரப்பர் உண்டாக்கும் முறை. ஆய்வேட்டின் மீதான வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. எலெனாவுக்கு அது மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. உள்ளே என்ன கேட்டார்கள், இவர் என்ன சொன்னார் என்று கேட்க வெளியாள் ஒருவரும் இல்லை. வேதியியல் ஆய்வுக் கழகத்துக்கு அவரே தலைவர். அங்கே பிறர் உழைத்து எழுதிய கட்டுரைகளில் முதல் பெயர் அவருடையது. 1974இல் ருமேனிய அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். அதன் பிறகு செய்தித்தாள்கள் ‘கல்விமான், முனைவர், பொறியாளர்’ என்ற மூன்று அடைமொழியும் இல்லாமல் அவர் பெயரை அச்சிடுவதில்லை.

1978 ஜூனில் தம்பதியர் அரசு விருந்தினராக லண்டன் போனார்கள். பிரிட்டனுக்கு ருமேனியாவுடன் விமானத் தயாரிப்பு ஒப்பந்தம் ஒன்று வேண்டியிருந்தது. அம்மையாருக்கு ஏதாவது கல்விப் பட்டம் கிடைத்தால் காரியம் எளிதாகும் என்பது அதிகாரிகளின் கணக்கு. பிரிட்டனின் பெருமைமிகு அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி கைவிரித்துவிட்டது. கடைசியில் லண்டனில் ஒரு பாலிடெக்னிக் கௌரவப் பேராசிரியர் பதவி கொடுத்தது. வேதியியலாளர்களின் ராயல் நிறுவனமும் கௌரவித்தது. கணவருக்கு மகாராணி வழங்கிய ‘நைட்’ என்ற கௌரவப் பட்டத்தை, 1989இல் அவர் சாவதற்கு முதல் நாள் பறித்துக்கொண்டார்கள். அவ்வளவு சீக்கிரம் விழித்துக்கொண்டது பிரிட்டன்!

இதற்கிடையில் அரசியலிலும் அவர் ஏணி ஏறிக்கொண்டிருந்தார். 1971இல் கணவரோடு சீனாவும் வடகொரியாவும் போய்வந்தார். மாவோவின் மனைவி ஜியாங் சிங் அங்கே எவ்வளவு செல்வாக்கோடு இருந்தார் என்பதைப் பார்த்தார். அடுத்த ஆண்டே கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர். 1980இல் முதல் துணைப் பிரதமர். நாட்டின் அறிவியல் முழுவதும் அவர் கைக்குள். அவர் பிறந்தநாளான ஜனவரி 7 வந்தால் கவிஞர்கள் வரிசையில் நின்று ‘தேசத்தின் தாய்’ என்று பாடினார்கள். அந்த எண்பதுகளில்தான் வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக உணவை ஏற்றுமதி செய்துவிட்டு, சொந்த மக்களை ரொட்டிக்கு வரிசையில் நிறுத்தினார்கள். குளிர்காலத்தில் வீடுகளுக்கு வெப்பமில்லை.

நிகோலாய் நல்லவர், மனைவிதான் கெடுத்தாள் என்று சொல்கிற ருமேனியர்கள் இன்றும் உண்டு. தசரதனை விட்டுவிட்டுக் கைகேயியைத் திட்டிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆனால் கருக்கலைப்பைத் தடைசெய்து, ஆயிரக்கணக்கான பெண்கள் திருட்டுத்தனமான சிகிச்சைகளில் சாகக் காரணமான 770ஆம் ஆணை வந்தது 1966இல். அப்போது எலெனா மத்தியக் குழுவில்கூட இல்லை. அந்தக் கொடுமையை மனைவியின் கணக்கில் எழுத முடியாது. எலெனா செய்தவை தனியே இருக்கின்றன, அவையே போதும்.

1989 டிசம்பர் 21. புக்காரெஸ்டில் கட்சித் தலைமையகத்தின் மாடத்திலிருந்து கணவர் பேசிக்கொண்டிருக்கிறார், தொலைக்காட்சியில் நேரலை. கூட்டத்தில் திடீரென்று கூச்சல். தலைவர் திகைத்து நிற்கிறார், ‘ஹலோ, ஹலோ’ என்கிறார். பக்கத்தில் நிற்கும் எலெனாவின் குரல் ஒலிவாங்கியில் விழுகிறது: அமைதியாக இருங்கள்! வகுப்பறையை அடக்கும் ஆசிரியையின் அதட்டல் அது. யாரும் அடங்கவில்லை. மறுநாள் இருவரும் ஹெலிகாப்டரில் தப்பி, அன்றே பிடிபட்டார்கள்.

25ஆம் தேதி தர்கோவிஷ்தே ராணுவ முகாமில் அவசர விசாரணை. அதை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீர்ப்பு முன்பே முடிவாகியிருந்தது. அந்த விசாரணையில், உங்கள் கட்டுரைகளை எழுதித் தந்தது யார் என்று அரசுத் தரப்பு எலெனாவைக் கேட்டது. உயிர் ஊசலாடும் நேரத்திலும் அவருக்குக் கோபம் வந்தது. அறிவியல் கழகத் தலைவியிடம் இப்படிப் பேசலாமா என்று சீறினார். கைகளைக் கட்ட வந்த சிப்பாய்களிடம், உங்களைத் தாயாக வளர்த்தேனே என்றார். ஊர் பாடிய பாட்டை அவர் நம்பிவிட்டிருந்தார். சிறிது நேரத்தில் இருவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

எழுதித் தந்தது யார் என்ற கேள்விக்கு எலெனா பதில் சொல்லவில்லை. நான் கேட்பது அவரை அல்ல. ஐசோப்ரீன் பற்றிய கட்டுரையை அரைகுறைப் படிப்புக்காரர் எழுத முடியாது. நன்றாகப் படித்தவர்கள் எழுதினார்கள், நன்றாகப் படித்தவர்கள் தேர்வுக் கதவை மூடினார்கள், நன்றாகப் படித்தவர்கள் லண்டனில் அங்கி போர்த்தினார்கள். சிலருக்கு அச்சம், மறுத்தால் வேலை போகும். லண்டன்காரர்களுக்கு என்ன அச்சம்? எலெனாவின் அறியாமையைச் சொல்லிச் சிரிக்கும் நகைச்சுவைகள் ருமேனியாவில் ஏராளம். எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றி அவ்வளவு நகைச்சுவை இல்லை.

அவர் பெயர் தாங்கிய கட்டுரைகளை ஆய்விதழ்களிலிருந்து நீக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் சிலர் அண்மை ஆண்டுகளில் கேட்டிருக்கிறார்கள். நீக்கினால் போதாது என்பது என் எண்ணம். எலெனாவின் பெயரை அடித்துவிட்டு, ஆய்வைச் செய்தவர்களின் பெயரை அந்த இடத்தில் அச்சிட வேண்டும். உழைப்புக்குரிய பெருமையும் அவர்களுக்கே போகட்டும், உடன்பட்டதற்கான பழியும் அவர்களுக்கே போகட்டும். வணக்கம்.